குளம் வெட்டாத பண்ணை

என் கணவர் துபாயிலிருந்து அனுப்பிய அந்தக் கேசட்டை நான் மூன்று முறை போட்டுக் கேட்டேன். கடிதம் எழுத அவருக்குச் சோம்பல். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுவார். வழக்கமாக அதில் மகள்களின் படிப்பு, கூரை ஒழுகல், அங்கே அடிக்கிற வெயில் எல்லாம் இருக்கும். இந்த முறை ஒரே விஷயம்தான். மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் இறால் கம்பெனிக்கு உப்பாற்றங்கரை நிலத்தைப் பதினைந்து வருடக் குத்தகைக்கு விட வேண்டும். அண்ணன் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். நான் இராமநாதபுரம் போய்ப் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டால் போதும். "நிலம் உன் பேர்ல இருக்கதுனாலதான் உன்னக் கூப்பிடுறோம். வேற ஒண்ணும் நீ யோசிக்க வேணாம்" என்று கேசட் முடிந்தது.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை யோசிக்க வைத்தது.

எழுபதுகளின் கடைசியில் என் கல்யாணத்தின்போது வாப்பா எனக்கு எழுதிக் கொடுத்த நிலம் அது. தேவிபட்டினத்துக்கு வடக்கே, எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடல் ஒரு விரலை நீட்டியது போல உப்பாறு உள்ளே வரும். அதன் கரையில் நாலு ஏக்கர். விதைத்தால் ஒன்றும் முளைக்காது. பாதி நேரம் கடல் பொங்கி ஓதத் தண்ணீர் ஏறி நிற்கும். அந்தச் சேற்றில் அலையாத்தி மரங்கள் தானாக அடர்ந்து வளர்ந்திருந்தன. தரைக்கு மேலே ஆணி அடித்து வைத்தது போல வேர்கள் நிமிர்ந்து நிற்கும். செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழித்துவிடும். மகன்களுக்குத் தோப்பையும் கடையையும் கொடுத்த வாப்பா, மகளுக்கும் ஏதோ கொடுத்ததாக இருக்கட்டும் என்று இதைக் கொடுத்தார். பதினைந்து வருடம் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

இப்போது எல்லோரும் பேசினார்கள். காரணம் எளிது. என் நிலத்துக்குப் பின்னால் இருந்த கருவேலம் பொட்டலை முழுக்கக் கம்பெனி வாங்கிவிட்டது. அங்கே இறால் குளம் வெட்டினால் உப்புத் தண்ணீர் வேண்டும். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும், கழிவைத் திரும்ப விடவும் என் நாலு ஏக்கரை வெட்டித்தான் வாய்க்கால் போட முடியும்.

கணவரின் அண்ணனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். கடைத்தெருவில் விசா, டிக்கெட் வாங்கிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஊரில் யார் வளைகுடாவுக்குப் போனாலும் அவர் கடை வழியாகத்தான் போவார்கள். ஒரு மாலையில் கம்பெனி ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆபீசர் வெள்ளைத்தாளில் குளங்களை நீலத்தில் வரைந்து காட்டினார். என் மரங்கள் இருந்த இடத்தில் இரண்டு நேர்கோடுகள் மட்டும் இருந்தன.

மரமெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். வெட்டிச் சுத்தம் செய்யும் செலவு கம்பெனியுடையது, எனக்கு ஒரு பைசா செலவில்லை என்றார், பெரிய உதவி செய்கிறவர் போல.

அப்போது எனக்குக் காட்டின் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அதோடு, இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் தொண்டிப் பக்கம் போயிருந்தேன். அங்கே குளம் வெட்டிய ஊரில் கல்யாண வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்து, அதில் டீ போட முடியவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலையோடு தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அது மனதில் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றேன்.

"அதான் தம்பி யோசிச்சுட்டானே."

"அவங்க நிலத்தப் பத்தி அவங்க யோசிக்கட்டும். இது வாப்பா எனக்குக் கொடுத்தது."

பெரிய மச்சான் ஆபீசர் முன்னால் சிரித்துச் சமாளித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது.

மறுநாள் நிலத்தைப் பார்க்கப் போனேன். வருடக்கணக்காக நான் அங்கே போனதில்லை. மரங்களுக்கு நடுவே முழங்கால் சேற்றில் ஒருத்தி குனிந்து, முனை வளைந்த இரும்புக் கம்பியை ஒரு பொந்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கரையோரக் குடியிருப்பில் இருக்கும் மீனவப் பெண். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் கம்பியை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிலத்துக்காரி விரட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். நான் விரட்டாததால் மறுபடி குனிந்து கையை உள்ளே விட்டு, உள்ளங்கையை விடப் பெரிய கரும்பச்சை நண்டு ஒன்றை எடுத்தாள். ஒரு காலால் அதை அமுக்கி, வாயில் கடித்து வைத்திருந்த கயிற்றால் கொடுக்குகளைக் கட்டி ஓலைப் பெட்டியில் போட்டாள். எல்லாம் நான் ஒரு மூச்சு விடுவதற்குள்.

கம்பெனி வரப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்தால் எத்தனையோ பேருக்கு வேலை தருவார்களாமே என்று கேட்டேன்.

"எத்தன பேருக்குக்கா? குளத்துக்கு ஒரு வாட்ச்மேன். அவனும் வெளியூர்க்காரன். இங்கன நண்டுப் பொந்துல கைய விட்டு அம்பது பொம்பளைக சோறு திங்குறோம். அந்தக் கணக்க எவன் எழுதுனான்?"

அவளிடம்தான் நண்டு வியாபாரத்தைத் தெரிந்துகொண்டேன். கெட்டியான நண்டுக்குத் தூத்துக்குடி வியாபாரி நல்ல விலை கொடுக்கிறான். உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிறது. ஆனால் அவர்கள் பிடிப்பதில் பாதி, ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு. உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தண்ணி நண்டு என்று சொல்லி அதைச் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்பான். அதையே ஒரு மாதம் வைத்துத் தீனி போட்டால் கெட்டியாகிவிடும். வைக்க இடமில்லை, தீனிக்குக் காசில்லை.

இடம் என்னிடம் இருந்தது. மரத்தடியிலேயே ஓதம் வந்து போகிற சேற்றில் சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டினால் போதும் என்றாள் அவள். ஒரு மரத்தையும் தொட வேண்டியதில்லை. தொடவும் கூடாது, நிழல் இல்லாவிட்டால் நண்டு வெந்துவிடும்.

இரண்டு காரியம் செய்தேன். கம்பெனிக்கு நிலம் கிடையாது என்று என் குரலில் ஒரு கேசட் பதிந்து, என்ன செய்யப்போகிறேன் என்பதையும் விளக்கமாகச் சொல்லி, துபாய் போகிறவர் யாரிடமாவது கொடுக்கும்படி பெரிய மச்சான் கடையில் கொடுத்தேன். பிறகு பஸ் ஏறி இராமநாதபுரத்தில் ஒரு பேங்குக்குப் போனேன்.

அந்த மேனேஜர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். இறால் பண்ணைக்குக் கடன் கொடுக்கும் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். எனக்கு நண்டுக்கு வேண்டும், குளம் வெட்டப் போவதில்லை, காடு காடாகவே இருக்கும் என்றேன். அவர் விண்ணப்பத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

"குளம் எத்தனை, ஆழம் எவ்வளவுன்னு இதுல எழுதணும்மா. குளமே இல்லன்னா அது எப்படிப் பண்ணை ஆகும்?"

மரத்துக்கு எதுவும் கட்டம் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். வெட்டிய மரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. நிற்கிற மரத்துக்கு இல்லை.

வரும் வழியில் பஸ்ஸில் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஊர் வருவதற்குள் கண்ணைத் துடைத்துவிட்டேன். என் நகையில் பாதியை விற்றேன். மீதிக்கு, எங்கள் தெருவில் என்னைப் போலவே வளைகுடாப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நான்கு பெண்களிடம் போனேன். வட்டி கிடையாது. லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. எங்கள் மார்க்கத்தில் அனுமதித்த முறை அதுதான். ஐந்தாவதாக, என் மகள்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர் தானாகவே வந்து சேர்ந்தார். ஒப்பந்தத்தை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அதில் மூன்று நிபந்தனைகள். மரம் வெட்டக் கூடாது. உள்ளங்கையை விடச் சிறிய நண்டை எடுக்கக் கூடாது. சினை நண்டு கிடைத்தால் ஆற்றில் திரும்ப விட வேண்டும். மூன்றில் ஒன்றை மீறினாலும் யாரும் தன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நண்டு பிடிக்கும் பெண்களுக்கு லாபத்தில் பாதி. பிடிக்கிறவளிடம் பணம் இல்லை, ஆனால் காட்டைப் பற்றிய அறிவு முழுக்க அவளிடம்தான் இருந்தது. அதற்கு நாங்கள் போட்ட விலை அது.

அதற்குள் பெரிய மச்சான் வேறு வழியைப் பிடித்தார். நண்டு ஹராம், ஹராமான வியாபாரத்தில் நம் வீட்டுப் பெண்கள் இறங்கலாமா என்று பேச்சைக் கிளப்பினார். நண்டு தின்பது பற்றி எங்கள் மக்களிடையே இரண்டு கருத்து உண்டு. என் வீட்டில் சமைப்பதில்லை, இன்றுவரை நான் வாயில் வைத்ததும் இல்லை. பங்கு போட்ட நால்வரில் ஒருத்தி பயந்து விலகினாள். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்கே போனேன். மார்க்கக் கிதாபுகளில் கருத்து வேறுபாடு இருக்கிறது, சந்தேகம் இருந்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது என்று அவர் பக்குவமாகச் சொன்னார்.

"பேங்கு வட்டிக்கு வாங்கி இறால் குளம் வெட்டுறதுல கருத்து வேறுபாடு இருக்கா ஹஜ்ரத்?" என்று கேட்டேன்.

அவர் தாடியைத் தடவினார். "அதுல இல்ல" என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சு தெருவில் எழவில்லை.

ஐப்பசியில் சவுக்குக் கம்பும் வலையுமாக முதல் பட்டி கட்டினோம். தண்ணி நண்டுகளை வாங்கி உள்ளே விட்டோம். கடற்கரையில் விலை போகாத மீனை நறுக்கித் தீனி போட்டோம். பதினெட்டாம் நாள் காலையில் நண்டு பிடிக்கிறவள் ஆளனுப்பினாள். போய்ப் பார்த்தால் சேறு முழுக்கக் காலும் ஓடுமாகக் கிடந்தது. கெட்டியான நண்டுகள் ஓடு கழற்றிய நண்டுகளைத் தின்றுவிட்டன. பிறகு அவை தங்களுக்குள் சண்டை போட்டுக் கொடுக்கை இழந்திருந்தன. விட்டதில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று பெண்களும் டீச்சரும் கரையில் நின்று பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று பெரிய மச்சான் வீட்டுக்கு வந்து, இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, கம்பெனி காத்திருக்கிறது என்றார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். அவர் குடித்து முடித்த பிறகு, இந்த விஷயமாக இனி என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். அதுவரை அவர் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதில்லை.

மீதி நகையும் போனது. இந்த முறை நண்டு பிடிக்கிறவளின் யோசனைப்படி பட்டியைப் பல அறைகளாகப் பிரித்தோம். ஒரே பருவத்து நண்டுகளை மட்டும் ஒன்றாக விட்டோம். உடைந்த பானை ஓடுகளை அறை முழுக்கப் போட்டோம், ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் சண்டை குறையும் என்று. தீனியை ஓதம் ஏறும்போது மட்டும் போட்டோம். தை பிறப்பதற்குள் தூத்துக்குடி வேன் எங்கள் உப்பாற்றங்கரைக்கு வந்து நின்றது. வியாபாரி ஒவ்வொரு நண்டின் வயிற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அமுக்கிப் பாத்துக்க. தண்ணி வந்தா நான் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றாள். ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் என் கணவர் லீவில் வந்தார். மூன்று வருடம் கழித்து வருகிறார். என் கேசட்டுக்குப் பதில் வராததே கோபத்தால்தான் என்று நினைத்திருந்தேன். பெட்டியை இறக்கி வைத்ததும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை நான் கூப்பிடாமலே என் பின்னால் உப்பாற்றுக்கு வந்தார். சேற்றில் இறங்கும்போது ஆணி போல நின்ற வேர் குத்தி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றவர், நான் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். பட்டியைப் பார்த்தார். ஒரு நண்டைக் கட்டச் சொல்லிக் கையில் வாங்கினார். அவர் துபாயில் ஒரு ஓட்டல் ஸ்டோரில் வேலை செய்தார் என்பதை நான் அதுவரை இந்தக் காரியத்தோடு சேர்த்து நினைத்ததில்லை.

"எங்க ஓட்டல்ல இந்த ஒரு நண்டு விலைக்கு நான் ரெண்டு நாள் மூட்ட தூக்கணும்" என்றார்.

பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கையெழுத்துப் போடாதது சரி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேனே. கேசட்ல. முழுசா ஒரு பக்கம் பேசியிருந்தேன். கெடைக்கலயா?"

"யார்ட்ட கொடுத்த?"

பெரிய மச்சான் கடையில் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. நண்டை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். கரைக்கு வந்து காலில் சேற்றைக் கழுவும்போது, அந்தக் கேசட்டில் என்ன சொல்லியிருந்தாய் என்று கேட்டார். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் அண்ணனிடம் சண்டை போட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கேசட்டுகள் அந்தக் கடை வழியாகப் போகவில்லை.

கம்பெனி என் நிலத்தைச் சுற்றி வளைத்து, தூரத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. இரண்டு வருடம் இரவும் பகலும் மோட்டார் ஓடியது. லாரிகள் வந்தன. நான் முட்டாள் என்பது ஊரில் முடிவான விஷயமாக இருந்தது. பிறகு இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஒரு வாரத்தில் குளம் குளமாகச் செத்து மிதந்தன. மருந்தடித்தார்கள், மறுபடி விட்டார்கள், மறுபடி மிதந்தன. அந்த நாற்றம் எங்கள் அடுப்படி வரை வந்தது. ஒரு நாள் மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உப்பேறிய பெரிய பள்ளங்களும் அவற்றைச் சுற்றிய மண் கரைகளும் மட்டும் கிடந்தன. எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகள் இரண்டு கெட்டுப் போயிருந்தன, அதில் ஒன்று நண்டு பிடிக்கும் பெண்கள் தண்ணீர் எடுத்த கிணறு.

எங்கள் தொழில் பெரிதாக வளரவில்லை. வளரவிடவும் இல்லை. காடு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான். ஆனால் நின்றுபோகவும் இல்லை. என் மகள்கள் இருவரையும் அந்த நண்டுதான் மதுரையில் படிக்க வைத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காட்டுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. யார் யாரோ போட்டோ எடுக்க வந்தார்கள். ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் லேப்டாப்போடு வந்தார். காட்டை அழிக்காமல் காப்பாற்றும் தொழில்களில் முதலீடு செய்வதுதான் தங்கள் வேலை என்றார். அப்படி ஒரு வேலையே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு நாள் முழுக்க எங்களோடு சேற்றில் நடந்தார், வஞ்சனை இல்லாத பிள்ளை. எங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு மிகவும் பாராட்டினார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டார். சிவப்பு முட்டையோடு இருக்கும் பெட்டை நண்டுக்குச் சிங்கப்பூரில் இரட்டிப்பு விலை. சினை நண்டைத் திரும்ப விடச் சொல்லும் மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால், போடுகிற பணம் ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். மரத்தை யாரும் தொடப்போவதில்லையே என்றார்.

நண்டு பிடிக்கிறவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நரைத்துவிட்டது, கம்பி மட்டும் அதே கம்பி.

"அஞ்சு வருசத்துல உங்க பணம் திரும்பிரும். நண்டு திரும்புமா தம்பி?" என்று கேட்டாள்.

அவர் அதற்கு ஏதோ வரைபடம் காட்டினார். நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. அந்த ஒரு மாற்றத்தை விட்டுவிட்டு மற்ற எதற்கும் சம்மதம் என்றேன். தன் மேலதிகாரிகளிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். பதில் வந்தது: அந்த மாற்றம் இல்லாமல் முடியாதாம். எனக்கு அந்த நிபந்தனையோடுதான் முடியும் என்று என் மகளை விட்டு எழுதச் சொன்னேன். டீச்சருக்கு ஒரு வாரம் வருத்தம். மற்றவர்களிடமும் முணுமுணுப்பு இருந்தது. யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வருட லாபத்தை யாரும் எடுத்துக்கொள்ளாமல், கம்பெனி விட்டுப்போன குளங்களில் ஆற்றோரம் இருந்த மூன்றை வாங்கினோம். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட அவர்கள் தயாராக இருந்தார்கள். பத்திரம் முடிந்த மறுநாள் முப்பது பெண்கள் மண்வெட்டியோடு போய் மண் கரையை வெட்டினோம். ஒவ்வொரு கூடை மண்ணையும் கை மாற்றிக் கை மாற்றித் தள்ளினோம். மத்தியானம் ஓதம் ஏறியபோது தண்ணீர் வெட்டின இடத்தில் தயங்கி, பிறகு உள்ளே பாய்ந்தது. என் கணவர் துபாயை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அவரும் மண்வெட்டி பிடித்தார். அடுத்த மழைக்குப் பிறகு அலையாத்தி விதைகள் தண்ணீரோடு தாமாக உள்ளே வந்து ஒதுங்கின. நாங்கள் ஒன்றைக்கூட நடவில்லை.

இப்போது அங்கே முழங்கால் உயரத்துக்குச் செடி நிற்கிறது. ஆனால் தாலுகா ஆபீஸ் பதிவில் அது இன்னும் இறால் பண்ணைதான். மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன். காடு என்று எழுத, வனத்துறை சொல்ல வேண்டுமாம். பண்ணை இல்லை என்று எழுத, கம்பெனி சொல்ல வேண்டுமாம். விற்றுவிட்டுப் போன கம்பெனி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் மூன்றாவது முறை போனபோது, எதற்கம்மா இவ்வளவு தூரம் அலைகிறீர்கள், காகிதத்தில் என்ன இருந்தால் என்ன என்று எழுத்தர் கேட்டார்.

பண்ணை என்று எழுதியிருந்தால் நாளை இன்னொருவன் மோட்டாரோடு வருவான் என்றேன். அவரிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து நாலாவது மனுவை எழுதினேன்.